பதினொன்றாம் கட்டில், எட்டு மணி

ஏழு ஆயிற்று. தவமலர் வரவில்லை.
சுவர்க்கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடும் என்று
ஏழு மூன்று வரைக்கும்
அவளுக்காக நானே வாதாடினேன்.

ஏழு பத்து.
ரொஸ்லினா தன் கட்டில்களை ஒப்படைத்துவிட்டு
முகம் கழுவி, தூடோங்கைச் சரிசெய்து
"பாலிக் டுலு, காக்" என்று படியிறங்கினாள்.
அவளை விடுவிக்க வந்தவள்
ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்தவள்.
அதிர்ஷ்டமும் ரோஸ்டரில்தான் எழுதியிருக்கிறது.

என் பாக்கெட்டில்
ஆபத்து மருந்து அலமாரியின் சாவி.
சிவப்பு நாடா கட்டியது.
மேசைமேல் வைத்துவிட்டுப் போகமுடியாது.
கையிலிருந்து கைக்குத்தான் போகவேண்டும்,
கைக்குழந்தையும் கடனும் போல.
பத்து மணி நேரமாய் இடுப்பில் இடிக்கிறது.

ஏழு இருபத்தாறு.
நாசி லெமாக் வாசம் முதலில் வந்தது,
பிறகு தவமலர்.
"ஜெலுத்தோங் ரோட்டுல ஜாம்க்கா."
நேற்றும் ஜாம். ஞாயிற்றுக்கிழமையும் ஜாம்.
ஹரிராயாவில் தீவே காலியாய்க் கிடந்த காலையிலும்
அவளுக்கென்று ஒரு ஜாம் இருந்தது.
எனக்கு ஏழு என்பது நேரம்.
அவளுக்கு அது ஓர் அபிப்பிராயம்.

ஒன்றாம் கட்டிலில் தொடங்கினேன்.
நாலாம் கட்டிலில் அவள் போன் அதிர்ந்தது.
ஆறில் வந்து, "நாலுக்கு என்ன சொன்னீங்க?"
ஒன்பதின் டிரிப் அளவை
சம்பல் பட்ட விரலைத் துடைத்துக்கொண்டே எழுதினாள்.
பதினொன்றில் நின்று குரலை அழுத்தினேன்.
அங்கிள் ஓங். எலும்பில் புற்று.
மார்பின், எட்டு மணிக்கு.
எட்டு மணிக்கு, தவம்.
எட்டுக்கு.
தூங்குகிறார் என்று நினைத்திருந்த ஓங்
போர்வைக்கு வெளியே கையை நீட்டி
கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் விரித்தார்,
சீனர்கள் எட்டு காட்டும் விதமாக.

ஆம்பூல்களை எண்ணினோம்.
ஆறு.
ஆறு.
இரண்டு கையெழுத்து.
என்னுடையது தாளைக் கிழிக்கப் பார்த்தது.

ஜெட்டிக்குப் போகும் பேருந்தில்
சிஸ்டருக்கு மனசுக்குள் புகார் எழுதினேன்.
தேதி போட்டு, நிமிடம் போட்டு, பதினேழு காலைகள்.
பட்டர்வொர்த்தில் இவர்
குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு
ஷூவோடு வாசலில் நிற்பார்.
ஒன்பதுக்கு அவருக்கும் ஷிப்ட்.
அந்த வரியையும் சேர்த்தேன்.

நடுக்கடலில்
டிஷ்யூ எடுக்கப் பாக்கெட்டில் கைவிட்டேன்.
சிவப்பு நாடா.

எண்ணி முடித்துப் பூட்டியது நான்.
பத்து மணி நேரம் பழகிய கை
வேறெங்கே போகும்.

எட்டு இருபது.
போனில் வார்டு எண்.
எடுப்பதற்குள்
விரிந்த இரண்டு விரல்கள் கண்ணில் வந்து நின்றன.
"அக்கா, சாவி உங்ககிட்டயா?"
ஃபெரி திரும்பாது.
அதற்குப் பதினொன்றாம் கட்டில் கிடையாது.
"ஓங்குக்கு... தவம், ஓங்குக்கு?"
"பக்கத்து வார்டுல கடன் வாங்கிட்டேன். எட்டுக்கே போட்டாச்சு."
எட்டுக்கே.
கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்,
அந்தச் சம்பல் விரலோடு.
"எப்போ வருவீங்கக்கா?"
கடலில் ஜாம் என்று சொல்லமுடியாது.

இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏறினேன்.
இவரைக் கூப்பிட்டேன்.
இவர் ஒன்றும் சொல்லவில்லை.
குழந்தை மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

ஓங் வாயைத் திறந்து தூங்கினார்.
சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து
விரல்களை நானே மூடினேன்.
பதிவேட்டில், நேரம் எழுதும் கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
தவமலர் பார்க்காததுபோல் ஜன்னலைப் பார்த்தாள்.
ஒன்பது நாற்பது என்றே எழுதினேன்.

புகாரை இன்றைக்குக் கொடுக்கவில்லை.
மனசுக்குள் எழுதியதைக் கிழிக்கவும் தெரியவில்லை.
நாளைக் காலை ஏழுக்கு
நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்ப்பேன்.
அது மூன்று நிமிடம் முந்தித்தான் ஓடும்.